ஏப்ரல் நோயாளிகள் டிசம்பர் புயலுக்கு எப்படி வந்தாங்க: இலவச சாஃப்ட்வேரை திட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

நீளமான த்ரெட். டூட்டி முடிஞ்சு கிழக்கு தாம்பரத்துல டீக்கடையில உட்கார்ந்து எழுதுறேன். பொறுமை இருக்கிறவங்க படிங்க, இல்லாதவங்க புக்மார்க் பண்ணிட்டு மறந்துடுங்க.

போன வாரம் ஒரு மீட்டிங். எந்த ஆபீஸ், யார் யார்னு சொல்லப் போறதில்ல. திரையில வர வேண்டிய கிராஃப் வரல. சிவப்பு எழுத்துல நாப்பது வரி எர்ரர் வந்துச்சு. உடனே ஒருத்தர் சொன்னார்: "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன். இந்த ஓப்பன் சோர்ஸ் எல்லாம் ஓசி சாப்பாடு மாதிரி. காசு குடுத்து ஒரு நல்ல டேஷ்போர்டு வாங்கிடலாம்." சுத்தி இருந்த எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் அங்கதான் இருந்தேன். வாயைத் திறக்கல. அந்த குற்ற உணர்ச்சிதான் இந்த த்ரெட்.

முதல்ல என்னைப் பத்தி. நான் எம்.பி.பி.எஸ். அரசு ஆஸ்பத்திரி. கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. 2020 லாக்டவுன்ல எல்லாரும் டல்கோனா காபி அடிச்சப்போ நான் யூடியூப் பார்த்து பைதான் கத்துக்கிட்டேன். காரணம் covid19india தளம்னு தமிழ்ல எழுதினா உங்களுக்குப் புரியுமோ என்னவோ, கோவிட்-19 இந்தியா டாட் ஆர்க். தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தின தளம், நிரல் முழுக்க திறந்த மூலம். 2021 அக்டோபர் 31 வரைக்கும் ஓடுச்சு. தினமும் காலையில நான் முதல்ல பார்த்த பக்கம் அதுதான். மாவட்ட வாரியா ஒரு கோடு ஏறுறதையும் இறங்குறதையும் பார்த்துதான் எத்தனை ஆக்சிஜன் கட்டில் வேணும்னு மனசுல கணக்கு போட்டேன். ஓசி சாப்பாடுன்னா, அன்னிக்கு எல்லாரும் சாப்பிட்டது அதைத்தான்.

விஷயத்துக்கு வரேன்.

எங்க கிட்ட காய்ச்சல் பட்டியல் ஒண்ணு இருக்கு. அரசு போர்ட்டல்ல ஏத்துறது தனி வேலை. இது எங்களுக்காக நாங்களே வச்சிருக்கிறது. வந்த தேதி, வயசு, எந்தப் பகுதி, காய்ச்சல் எத்தனை நாள், பிளேட்லெட் எவ்வளவு. 2022ல இதை கிராஃபா போட அறுபது வரியில ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கடைசி முப்பது நாள்ல நாளுக்கு எத்தனை பேர், அவ்வளவுதான். அதைப் பார்த்து மேலதிகாரி தட்டிக் குடுத்தப்போ ஸ்டெத்தை விட லேப்டாப் பெருசா தெரிஞ்சுது, உண்மையைச் சொல்லணும்ல.

அந்த அறுபது வரிக்கு அடியில நாலு லைப்ரரி. எண்களை வச்சிருக்கிறது நம்பை. அட்டவணையா படிக்கிறது பாண்டாஸ். படம் வரையிறது மேட்பிளாட்லிப். அதை அழகா காட்டுறது சீபார்ன். நாலும் நாலு தனித்தனி குழு. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வேகத்துல புதுப் பதிப்பு விடுவாங்க. ஒருத்தர் மாறினா அவர் மேல உட்கார்ந்திருக்கிறவர் ஆடுவார்.

நான் என் நோட்டுல எழுதி வச்சது ஒரே ஒரு வரி: "சீபார்ன் 0.11.2". மத்த மூணும் என்ன பதிப்புன்னு எழுதல. ஒரு மாத்திரைக்கு மட்டும் டோஸ் எழுதிட்டு மத்த மூணுக்கு பேர் மட்டும் எழுதின சீட்டு அது.

2023 நவம்பர். பழைய கம்ப்யூட்டர்ல டிஸ்க் போச்சு. ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தர், "சார், என் லேப்டாப்ல போட்டுத் தரேன்"னார். என் நோட்டைப் பார்த்து சீபார்ன் 0.11.2 போட்டார். அந்த பழைய சீபார்ன் பாண்டாஸைப் பத்தி என்ன சொல்லுதுன்னா, "இந்தப் பதிப்புக்கு மேல எது இருந்தாலும் சரி". கீழ் வரம்பு மட்டும்தான், மேல் வரம்பு கிடையாது. 2021ல வந்த பொட்டலம் 2023ல என்ன வரும்னு எப்படி தெரிஞ்சிருக்கும்? பிப் நல்ல பிள்ளையா சமீபத்திய பாண்டாஸைக் கொண்டு வந்து வச்சுது. 2023 ஏப்ரல்ல பாண்டாஸ் 2.0 வந்தாச்சு. பழைய சீபார்ன் உள்ளுக்குள்ள கூப்பிடுற ஒரு செட்டிங்கை 2.0ல எடுத்துட்டாங்க. கிராஃப் வரல, எர்ரர் வந்துச்சு.

தம்பி கூகிள் பண்ணார். முதல் பதில் என்ன தெரியுமா? "பாண்டாஸை 2க்கு கீழ இறக்கு." இறக்கினார். 1.5.3 வந்துச்சு, கிராஃபும் வந்துச்சு. ரெண்டு பேரும் கேன்டீன்ல போண்டா சாப்பிட்டோம்.

அந்த கிராஃப்ல நவம்பர் 1லேருந்து 12 வரை சின்னச் சின்ன கட்டைகள். 13ஆம் தேதி திடீர்னு படிக்கட்டு மாதிரி ஏறுது. அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 12, ஞாயித்துக்கிழமை. எல்லாருக்கும் காரணம் ரெடியா கிடைச்சுடுச்சு: பண்டிகைன்னு வீட்டுலயே கிடந்தவங்க லீவு முடிஞ்சு வர்றாங்க. யாருக்கும் சந்தேகம் வரல. எனக்கும்தான். புள்ளிவிவரத்துக்கு கதை சொல்றதுல நம்மை மிஞ்ச ஆள் கிடையாது.

டிசம்பர் 3, 4. மிக்ஜாம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. தண்ணி வடிஞ்சதும் கூட்டம் வர ஆரம்பிச்சுது. காய்ச்சல், வயித்துப்போக்கு, காலெல்லாம் புண். ரெண்டாவது வாரக் கடைசியில ஒரு கூட்டத்துக்கு கிராஃப் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. முந்தின நாள் சாயந்திரம் பிரின்ட் எடுத்து நர்சிங் ஸ்டேஷன் மேஜை மேல வச்சிருந்தேன்.

சீனியர் சிஸ்டர் ஒருத்தங்க அதைப் பார்த்துட்டு கேட்டாங்க: "என்ன சார் இது? ஒம்பதாம் தேதிக்கு இத்தனூண்டு காட்டுது?"

"பட்டியல்ல இருக்கிறது அவ்வளவுதான் சிஸ்டர்."

"ஒம்பதாம் தேதி நைட்டு நான்தான் சார் டூட்டி. ஒரு கட்டில்ல ரெண்டு ரெண்டு பேர் படுத்திருந்தாங்க. என்கிட்ட சொல்றீங்களா?"

ரிஜிஸ்டரை எடுத்துப் போட்டாங்க. நீல மை, கையெழுத்து, தேதி. எண்ணிப் பார்த்தேன். என் கிராஃப்ல இருந்த கட்டைக்கும் அந்தப் பக்கத்துக்கும் சம்பந்தமே இல்ல. அன்னிக்கு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். கொஞ்சம் நிதானமா படிங்க.

நம்ம ஊர்ல தேதி எழுதுறது நாள்/மாதம்/வருடம். 05/11/2023னா நவம்பர் 5. அமெரிக்காவுல முதல்ல மாதம், அதனால அதுவே மே 11. பழைய பாண்டாஸ் ஒவ்வொரு தேதியையும் தனித்தனியா எடுத்து ஊகம் பண்ணும். முதல்ல மாதம்னு வச்சுப் பார்க்கும். ஒத்து வந்தா அப்படியே எடுத்துக்கும். 13/11 வந்தா பதிமூணாவது மாதம்னு ஒண்ணு கிடையாதே, அதனால "சரி, இது நாள்"னு திருப்பிப் போட்டுக்கும். அதாவது ஒரே பட்டியல்ல முதல் பன்னிரண்டு நாள் அமெரிக்கா, பதிமூணுலேருந்து இந்தியா.

அப்ப முதல் பன்னிரண்டு நாளும் காலியாத்தானே இருக்கணும், கட்டை எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. அங்கதான் வில்லங்கம். எங்க பட்டியல் ஜனவரியிலேருந்து ஆரம்பிக்குது. மே 11ஆம் தேதி வந்தவங்களோட 11/05 நவம்பர் 5ஆ மாறி அங்க போய் உட்கார்ந்துக்கிச்சு. ஜூன் 11 போய் நவம்பர் 6ல. வெயில் காலத்து சுமாரான கூட்டம் மழைக்காலத்து நாட்கள்ல நின்னுச்சு. அதனால படம் ஓட்டையா தெரியல, நம்புற மாதிரி இருந்துச்சு. காலியா இருந்திருந்தா முதல் நாளே பிடிச்சிருப்போம்.

டிசம்பர் கிராஃப்ல புயல் அன்னிக்கு, 4ஆம் தேதியில நின்ன நோயாளிகள் ஏப்ரல் 12ல வந்தவங்க. சிஸ்டர் கேட்ட ஒம்பதாம் தேதி, செப்டம்பர் 12. பதினோராம் தேதியில நின்னவங்க தீபாவளி அன்னிக்கு காய்ச்சலோட வந்தவங்க. வெள்ளத்துக்கு அப்புறம் நிஜமா வந்தவங்க மே 12லேருந்து நவம்பர் 12 வரைக்கும் மாசத்துக்கு ஒரு நாளா சிதறிக் கிடந்தாங்க.

இதுல என்ன பெரிய ஆபத்துன்னு ஐ.டி. நண்பர்கள் கேப்பாங்க. வெள்ளத்துக்கு அப்புறம் காய்ச்சல் எந்த நாள்ல ஏற ஆரம்பிச்சுதுங்கிறதுதான் எங்களுக்கு முதல் துப்பு. ரெண்டு மூணு நாள்ல ஏறினா குடிதண்ணியை சந்தேகப்படணும், லாரித் தண்ணியில குளோரின் இருக்கான்னு பார்க்கணும். ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு ஏறினா எலிக்காய்ச்சல் ஞாபகம் வரணும், டாக்சிசைக்ளின் கையிருப்பைப் பார்க்கணும். டெங்கு அதுக்கும் பின்னாடி வரும். தேங்கின தண்ணியில கொசு வளரணும், கடிக்கணும், கிருமி கொசுவுக்குள்ள பக்குவமாகணும். தேதி ஒரு வாரம் நகர்ந்தா, போக வேண்டிய வண்டியே மாறிடும். குளோரின் போக வேண்டிய தெருவுக்கு புகை மருந்து வண்டி போகும்.

டிசம்பர் கிராஃபை சிஸ்டர் புண்ணியத்துல மறுநாள் காலையில திருத்தி எடுத்துட்டுப் போயிட்டேன். நவம்பர்ல குடுத்தது குடுத்ததுதான். அந்த மாசம் கூட்டம் ஏறினது முதல் வாரத்துலயே. நாங்க கூடுதல் ஆள் கேட்டது 13க்கு அப்புறம்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், வயித்தெரிச்சலா இருந்தாலும். தட்டிக் குடுத்தாங்கன்னு சொன்னேனே, அந்த 2022 நவம்பர் கிராஃப். அதையும் எடுத்துப் பார்த்தேன். அதுலயும் 13ஆம் தேதி அதே படிக்கட்டு. அந்த வருஷம் மழை மேல பழியைப் போட்டிருந்தோம்.

இப்ப சொல்லுங்க. தப்பு யார் மேல?

"பழசு நல்லா ஓடிட்டு இருந்துச்சு, அப்டேட் வந்து கெடுத்துடுச்சு." இதுதான் மீட்டிங்ல எல்லாரும் பாடின பாட்டு. நடந்தது நேர்மாறு. பழசு ஓடிட்டுத்தான் இருந்துச்சு, தப்பா. பாண்டாஸ் 2.0ல அவங்க செஞ்ச பெரிய மாற்றங்கள்ல ஒண்ணே இந்தத் தேதி விவகாரம்தான். முதல் தேதியைப் பார்த்து ஒரு வடிவத்தை முடிவு பண்ணும், மத்ததெல்லாம் அதே வடிவத்துல இருக்கணும், ஒத்து வரலைன்னா நின்னுடும், எர்ரர் குடுக்கும். முதல் தேதி 12க்குள்ள இருந்தா இதுவும் மாதம்னுதான் எடுத்துக்கும், அது வேற. ஆனா 13 வந்ததும் கையைத் தூக்கிடும், திருட்டுத்தனமா மாத்திப் போடாது. சீபார்ன் மோதலைத் தீர்க்கிறேன்னு பாண்டாஸை கீழ இறக்கினோமே, அப்ப நாங்க இறக்கினது அந்தப் பாதுகாப்பையும் சேர்த்து. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் குடுத்து தெர்மாமீட்டர்ல எண் இறங்கினதும் வீட்டுக்கு அனுப்புற வைத்தியம்.

அதோட பழைய பதிப்பும் சும்மா இருக்கல. 1.5ல "நாள் முதல்ல இருக்கிற மாதிரி தெரியுது, கவனி"னு ஒரு எச்சரிக்கை வரும். அது ஏன் எனக்கு வரல? என் ஸ்கிரிப்ட்ல ரெண்டாவது வரியே எல்லா எச்சரிக்கையும் அணைக்கிற வரி. யூடியூப்ல அண்ணன் ஒருத்தர், "இதைப் போட்டுக்கிட்டா ஸ்கிரீன் கிளீனா இருக்கும் ப்ரோ"ன்னார். போட்டுக்கிட்டேன். ஐ.சி.யூ.வில மானிட்டர் அலாரம் தொந்தரவா இருக்குன்னு மியூட்ல போட்டவனை நான் மெமோ குடுக்காம விட்டிருப்பேனா?

சரி, காசு குடுத்து வாங்குற கோஷ்டிக்கு வரேன்.

2020 அக்டோபர், இங்கிலாந்து. பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து, உலகத்துலயே பெரிய பேர் உள்ள பொது சுகாதார அமைப்புகள்ல ஒண்ணு. கோவிட் பரிசோதனை முடிவுகளை எக்செல்லோட பழைய கோப்பு வடிவத்துல சேர்த்துட்டு இருந்தாங்க. அந்த வடிவத்துல 65,536 வரிசைக்கு மேல இடம் கிடையாது. மேல வந்ததெல்லாம் சத்தமே இல்லாம விழுந்துடுச்சு. 15,841 பாசிட்டிவ் முடிவுகள் ஒரு வாரக் கணக்குல சேரல. அவங்களோட தொடர்புல இருந்தவங்களைத் தேடுற வேலை தாமதமாச்சு. எக்செல் காசு குடுத்து வாங்குற சாமான். பதிப்புப் பிரச்சினைக்கு பில் இருக்கா இல்லையான்னு தெரியாது.

காசு குடுத்த டேஷ்போர்டுலயும் உள்ள இருக்கிறது பெரும்பாலும் இதே மாதிரி லைப்ரரிகள்தான். வித்தியாசம், மூடி போட்டிருக்கும். என் தேதி தப்பை ராத்திரி பதினொரு மணிக்கு நானே திறந்து பார்த்து கண்டுபிடிச்சேன். மூடி போட்டிருந்தா டிக்கெட் ரைஸ் பண்ணிட்டு காத்துக்கிட்டு இருக்கணும். ஒப்பந்தம் முடிஞ்சா அதுவும் இல்ல.

மேட்பிளாட்லிப் எப்படி பிறந்துச்சுன்னு தெரியுமா? ஜான் ஹன்டர்னு ஒரு நரம்பியல் ஆராய்ச்சியாளர், சிகாகோ. வலிப்பு நோயாளிகளோட மூளை மின் அலைகளைப் படிச்சுட்டு இருந்தவர். அவங்க லேப்ல அதுக்கு காசு குடுத்து வாங்கின சாஃப்ட்வேர் இருந்துச்சு. லைசன்ஸ் ஒண்ணே ஒண்ணு, ஒரு டாங்கிள். அதைச் செருகினாத்தான் ஓடும், ஆளாளுக்கு முறை வச்சு வேலை பார்த்தாங்க. அந்தக் கடுப்புல இருந்து வந்ததுதான் மேட்பிளாட்லிப். 2012 ஆகஸ்ட்ல, குடல் புற்றுநோய் சிகிச்சையில வந்த சிக்கல்களால அவர் இறந்துட்டார், 44 வயசு. இன்னிக்கும் உலகம் முழுக்க ஆய்வுக் கட்டுரைகள்ல வர்ற படங்கள் அவர் ஆரம்பிச்சு வச்சதுல வரையிறது. நோயாளிக்காக எழுதின கருவியைத்தான் மீட்டிங்ல "ஓசி சாப்பாடு"ன்னாங்க, நான் தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன்.

குறையே இல்லைன்னு சொல்ல வரல. உதாரணத்துக்கு, மேட்பிளாட்லிப் 3.7ல தமிழ் எழுத்தைப் போட்டு பாருங்க. தாம்பரம், பம்மல் தப்பிச்சுக்கும். செம்பாக்கம், சேலையூர், மேடவாக்கம் எல்லாத்துலயும் கொம்பு தப்பான பக்கம் போய் நிக்கும். அதனாலயே கிராஃப்ல ஊர் பேரை நான் ஆங்கிலத்துல போடுறேன். எனக்கு அதுல தனிக் கடுப்பு, இன்னொரு நாள் பேசுவோம்.

இப்ப ஓ.எம்.ஆர். நண்பர்கள். சோழிங்கநல்லூர்ல உட்கார்ந்துகிட்டு, "டாக்டர், ஒரு வர்ச்சுவல் என்விரான்மென்ட் போட்டு லேட்டஸ்டுக்கு அப்டேட் பண்ணிடுங்க, சிம்பிள்"னு பதில் போடுவீங்க. உங்களுக்கு சிம்பிள்.

எங்க பக்கம் ஓடின ஒரு கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலயே கை கழுவினது. விண்டோஸ் 7ல பைதான் 3.8க்கு மேல ஏறாது. பைதான் 3.8னா பாண்டாஸ் 2.0.3தான் கடைசி, நம்பை 1.24.4தான் கடைசி, மேட்பிளாட்லிப் 3.7 வரிசையோட சரி. நீங்க சொல்ற லேட்டஸ்ட் எங்க மேஜையில கிடையாது. அதுக்கு கம்ப்யூட்டர் மாத்தணும், அதுக்கு இன்டென்ட் போடணும், அது எங்கெங்க போய் நிக்கும்னு அரசு ஊழியர்களைக் கேளுங்க. சார்பு மோதல்னு நீங்க சொல்றீங்களே, அதோட கடைசி கண்ணி கொள்முதல் பிரிவு.

மோதல்னா என்னன்னு எங்க பாஷையில சொல்றேன். சானடோரியம் பக்கம் வேலை பார்த்த எந்த டாக்டருக்கும் இது அத்துப்படி. டி.பி.க்கு ரிஃபாம்பிசின். எச்.ஐ.வி.க்கு டோலுடெக்ராவிர். ரெண்டும் நல்ல மருந்து, ரெண்டும் நேரடியா சண்டை போடாது. ஆனா ரெண்டும் ஒரே கல்லீரலைத்தான் நம்பி இருக்கு. ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டி விட்டுடும், டோலுடெக்ராவிர் சீக்கிரமே வெளியேறிடும். அதனால டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராமை ஒரு வேளைக்கு பதிலா ரெண்டு வேளையா குடுக்கிறோம். சீபார்னும் இன்னொரு லைப்ரரியும் ஒரே நம்பையை நம்பி இருக்கிறது இதே கதை. ஒரு உடம்புக்கு ஒரு கல்லீரல். பைதான்ல ஒரு சூழலுக்கு ஒரு நம்பை. ரெண்டு பதிப்பு பக்கத்துல பக்கத்துல வைக்க முடியாது.

எது எதோட ஒத்துப் போகும்னு ஒரு முழுக் கூட்டணியைக் கண்டுபிடிக்கிறது கணக்கு ரீதியாவே கஷ்டமான வேலை, சுடோகு மாதிரி. 2020 நவம்பர்ல வந்த பிப் 20.3க்கு முன்னாடி பிப் அந்தக் கணக்கை ஒழுங்கா போடக்கூட இல்ல. மோதல் இருந்தாலும் எதையாவது போட்டுட்டு போயிடும். இப்ப உட்கார்ந்து போடுது, சில சமயம் ஒரு டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் போடுது. ஆனா பிப் என்ன கணக்கு போட்டாலும், லைப்ரரி எழுதினவங்க அட்டையில எழுதினதை வச்சுத்தானே போடும்? எழுதினவங்க சில பேர் எவ்வளவு ஒழுங்குன்னா, புது சீபார்னோட அட்டையில மேட்பிளாட்லிப் 3.6.1 மட்டும் வேண்டாம்னு தனியா எழுதியிருக்கும். கேஸ் ஷீட்ல சிவப்பு மையில "பென்சிலின் அலர்ஜி"ன்னு எழுதுவோமே, அதேதான். படிக்கிறதுக்கு நாமதான் இல்ல.

அவங்க திடீர்னு காலை வாரி விடுறாங்கங்கிறதும் பொய். நம்பைல பழைய சில பேர்களை எடுக்கப் போறோம்னு 2021 ஜனவரியில 1.20ல சொன்னாங்க. நிஜமா எடுத்தது 2022 டிசம்பர்ல, 1.24ல. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் எச்சரிக்கை வந்துச்சு. நம்பை 2.0 வந்தது 2024 ஜூன்ல, 1.0 வந்தது 2006ல. பதினெட்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய மாற்றம். நம்ம பஸ் ரூட் நம்பர் கூட அதை விட அடிக்கடி மாறுது.

நம்பர்னதும் ஞாபகம் வருது. பதிப்பு மோதல்ங்கிறது கம்ப்யூட்டருக்குள்ள மட்டும் நடக்கிற விஷயம்னு நினைக்காதீங்க. 2021 நவம்பர்ல தாம்பரம் மாநகராட்சி ஆச்சு. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம்னு அஞ்சு நகராட்சி. சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலைன்னு அஞ்சு பேரூராட்சி. எல்லாம் ஒண்ணாகி 70 வார்டு. அதுக்கு முன்னாடி பத்து ஊருக்கும் தனித்தனி "3ஆவது வார்டு". எங்க பழைய பட்டியல்ல "வார்டு 3"ன்னு மட்டும் இருக்கு. எந்த ஊர் 3? எந்த வருஷத்து 3? நோயாளி கிட்ட கேட்டா பாதிப் பேர் இன்னும் பழைய நம்பரைத்தான் சொல்றாங்க. வார்டு வாரியா கொசு ஒழிப்பு வரைபடம் போடணும்னு ஒருத்தர் ஆசைப்பட்டார். படம் வந்துச்சு, கலர் கலரா, அழகா. பழைய எண்ணும் புது எண்ணும் கலந்து. எந்த எர்ரரும் வரல. இதை எந்த கம்பெனி டேஷ்போர்டு பிடிச்சிருக்கும்?

அப்ப என்னதான் பண்ணச் சொல்ற டாக்டர்னு கேட்டா, நான் கேக்கிறது ரொம்பச் சின்னது. மருந்து எழுதும்போது பேர், டோஸ், எத்தனை வேளை, எத்தனை நாள்னு எழுதுறோம்ல. கிராஃப் போடுறவன் எந்தப் பைதான், எந்தப் பாண்டாஸ், எந்த நம்பை, எந்த மேட்பிளாட்லிப்னு கடைசிப் புள்ளி வரைக்கும் எழுதி அந்தக் கோப்பை கிராஃபோட சேர்த்து வைக்கணும். பிப்லயே ஒரு கட்டளை போட்டா அந்த லிஸ்ட் மொத்தமா வந்துடும், அரை நிமிஷ வேலை. தேதியை ஊகிக்க விடாம "நாள், மாதம், வருடம்"னு ஸ்கிரிப்ட்லயே வடிவத்தைச் சொல்லிடணும். எச்சரிக்கையை அணைக்கிற வரியை எவன் போட்டாலும் கையை உடைக்கணும், என் கையையும் சேர்த்து. மேம்படுத்தினா பழைய கிராஃபையும் புது கிராஃபையும் பக்கத்துல வச்சு, நடுவுல ரிஜிஸ்டரை வச்சு ஒரு நாளையாவது எண்ணிப் பார்க்கணும்.

டெண்டர் போடுறவங்க காசு குடுங்க, வேண்டாங்கல. ஆனா நிரலும் பதிப்புப் பட்டியலும் துறை கையில இருக்கணும்னு ஒரு வரி சேருங்க. அந்தக் காசுல ஒரு பங்கை, இதைப் பார்த்துக்க ஒரு ஆளுக்கு சம்பளமா குடுங்க. ஸ்கேன் மெஷின் வாங்குறப்போ டெக்னீஷியன் போஸ்ட் கேக்கிறோம், டேஷ்போர்டுக்கு மட்டும் ஆள் வேண்டாமா? இப்ப அந்த ஆள் நான்தான். ஓ.பி. முடிச்சுட்டு, கேஷுவல்டி முடிச்சுட்டு. நான் டிரான்ஸ்ஃபர் ஆனா இந்த அறுபது வரியும் அநாதை.

ஆள் இங்க கிடைக்காதுன்னு சொல்லாதீங்க. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்துல இருக்கிற ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சி-டாக் சென்னையும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்குன்னு தேசிய வள மையம் ஆரம்பிச்சது 2005ல. ஜி.எஸ்.டி. ரோட்டுல தினமும் அதைத் தாண்டித்தான் எங்க ஆம்புலன்ஸ் போகுது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கு, தமிழ்லயே பேசுறாங்க. கணியம் 2012லேருந்து தமிழ்ல எழுதிட்டு இருக்கு. நானே வர்ச்சுவல் என்விரான்மென்ட்னா என்னன்னு உருப்படியா புரிஞ்சுக்கிட்டது தமிழ்ல படிச்சப்புறம்தான்.

கடைசியா எங்க ஜாதி, டாக்டர்கள். பி.ஜி. தீசிஸ்ல அழகா ஒரு பாக்ஸ் பிளாட் போட்டுட்டு "பைதான் மூலம் பகுப்பாய்வு செய்யப்பட்டது"ன்னு ஒரு வரி எழுதுறீங்களே. எந்தப் பைதான்? "நோயாளிக்கு ஆன்டிபயாடிக் குடுக்கப்பட்டது"ன்னு கேஸ் ஷீட்ல எழுதினா உங்க யூனிட் சீஃப் என்ன பண்ணுவார்னு யோசிங்க.

இப்ப என் மானிட்டர் ஓரத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்கேன். பைதான் 3.8, நம்பை 1.24.4, பாண்டாஸ் 2.0.3, மேட்பிளாட்லிப் 3.7, சீபார்ன் 0.13.0. கீழ சிஸ்டர் கையெழுத்துல, "9ஆம் தேதியை எண்ணிப் பார்க்கவும்." பழைய சாமான்தான், தெரியும். ஆனா என்ன சாப்பிடுறேன்னு தெரிஞ்சு சாப்பிடுறேன்.

அடுத்த மீட்டிங் புதன்கிழமை. இந்தத் தடவை 2022, 2023 ரெண்டு நவம்பர் கிராஃபையும், தப்பானதும் திருத்தினதும், பக்கத்துல பக்கத்துல போட்டு பிரின்ட் எடுத்து வச்சிருக்கேன். சிஸ்டரையும் கூப்பிட்டேன். நைட் டூட்டி சார், வர முடியாதுன்னுட்டாங்க. ரிஜிஸ்டரை மட்டும் குடுத்து அனுப்புறேன், பத்திரமா திருப்பிக் கொண்டு வரணும்னு சொல்லியிருக்காங்க.